அம்மா வீட்டில் இல்லை

மதியம் மூன்று மணிக்கு மேல் வருவதற்குப் பெயர்
காலை வருகை.
எடின்பரோவில் இதை யாரும் கேள்வி கேட்பதில்லை.
நானும் கேட்கவில்லை.
ஸ்கை தீவிலிருந்து வந்த புதிதில்
என்னிடம் இருந்த ஆங்கிலமே மூன்று வாக்கியம்:
ஆமாம் அம்மா. இல்லை அம்மா.
அம்மா வீட்டில் இல்லை.

என் பெயர் ஆய்ரிக்.
கிரைட்டன் அம்மாவின் வாயில் அது நுழையவில்லை.
எஃபி என்று ஆக்கிக்கொண்டார்.

எழுத்து தெரியாது எனக்கு. அதனாலென்ன,
சீட்டுக்கு மூலை இருக்கிறதே.
வலது மேல்மூலை மடிந்திருந்தால்
ஆளே வந்து நின்றிருக்கிறார், கொடுத்தனுப்பவில்லை.
இடது மேல்மூலை என்றால் கல்யாணம், குழந்தை.
இடது கீழ்மூலை, ஊரைவிட்டுப் போகிறேன்.
வலது கீழ்மூலை துக்கம்.
அடுத்த தெருவில் வேறு மாதிரி மடிப்பார்கள் என்றும் கேள்வி.

ஆண்களின் சீட்டு சின்னது, கோட்டுப் பைக்கு அடங்கும்.
கல்யாணமான பெண் வந்துபோனால் தட்டில் மூன்று விழும்:
தன்னுடையது ஒன்று,
வராத கணவனுடையது இரண்டு.
அதில் ஒன்று எங்கள் ஐயாவுக்கு.
அவரும் வீட்டில் இருக்கமாட்டார்.

கட்டைவிரலால் தடவினால் எழுத்து மேடு தட்ட வேண்டும்.
வழவழவென்று இருந்தால் மலிவுச் சரக்கு.
அதற்கு வெள்ளித் தட்டு கிடையாது, என் கை போதும்.

கருப்பு விளிம்பு அகலமென்றால் சாவு புதிது.
மாதம் ஏற ஏற விளிம்பு மெலியும்.
அழுகைக்கு அங்கே அளவுகோல் உண்டு.

மென்டீத் அம்மாவின் சீட்டில் விரல் அகலத்துக்கு விளிம்பு.
துக்கம் விசாரித்தவர்களுக்கு நன்றி சொல்ல வந்திருந்தார்.
மார்ச் மாதம், ஆலங்கட்டி.
திரைக்குப் பின்னால் எங்கள் அம்மா நின்றதைப்
படியில் நின்றவர் பார்த்தார்.
பார்த்ததை நான் பார்த்தேன்.
என் மூன்றாவது வாக்கியத்தைச் சொன்னேன்.

கடன் வைத்துவிட்டுச் செத்தவனாம் அவர் கணவன்.
பதிலுக்கு இங்கிருந்து ஒரு சீட்டு போனது, உறையில் போட்டு.
உறையில் போனால் உறவு முடிந்தது.
சீட்டைக் கிழிப்பது என்பார்களே,
இவர்கள் கிழிக்கமாட்டார்கள்,
ஒட்டி அனுப்புவார்கள்.

அவருடையது குப்பைக்கு வந்தது.
நல்ல தடிமன்.
மாடியறையில் என் ஜன்னல் இரவெல்லாம் பல்லடித்தது,
சட்டத்தின் இடுக்கில் செருகினேன்.
காற்று வந்தால் நானும் வீட்டில் இல்லை.

அக்டோபரில் வங்கி முறிந்தது.
ஐயாவின் பங்குகள் அவர் கழுத்தையும் சேர்த்துக் கேட்டன.
சமையற்காரி போனாள், வண்டி போனது,
வெள்ளி என்பதால் தட்டும் போனது.
கூடத்துப் பீங்கான் கிண்ணத்தில் பழைய சீட்டுகள் மட்டும்.
ஒரு பிரபுவின் மனைவியுடையது எப்போதும் மேலே இருக்கும்.
தூசி தட்டும்போது நான் கலைத்தாலும்
மறுநாள் மேலே வந்துவிடும்.

அம்மா நடந்தே பன்னிரண்டு வீடு ஏறி இறங்கினார்.
பன்னிரண்டிலும் யாரும் இல்லையாம்.
ஊரே காலியாகிவிட்டதா எஃபி, என்றார்.
நான் அவர் பூட்ஸின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.
நிமிரவில்லை.

பனி விழுந்த ஒரு செவ்வாய்க்கிழமை மணி அடித்தது.
மென்டீத் அம்மா.
விளிம்பு நூலாகியிருந்தது.
உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.
கணப்பு எரியாத அறை, இரண்டு சால்வைக்குள் எங்கள் அம்மா.
சீட்டைப் பார்த்தார். முகம் சிவந்தது.
இல்லையென்று சொல்,
உதட்டால் மட்டும் சொன்னார்.

அறையிலிருந்து வாசலுக்குப் பதினொரு அடி.
தினமும் நடக்கிற அடிதான்.

இருக்கிறார், என்றேன்.
அந்த ஆங்கிலம் என்னிடம் இருந்தது
எனக்கே அப்போதுதான் தெரியும்.

என்ன பேசினார்கள் என்று தெரியாது,
கதவைச் சாத்திவிட்டேன்.
வேலை போகும் என்று நினைத்தபடி
இருந்த இரண்டு கரண்டித் தேயிலையில் ஒன்றரையைப் போட்டேன்.

கால் மணி நேரம், அதுதான் முறை.
தொப்பியைக்கூடக் கழற்றக் கூடாது.

விளக்கேற்றுகிறவன் தெருவைத் தாண்டிப் போய்விட்டான்.
கூடத்து நாற்காலியில்
அவர் தொப்பி.